பவர் பத்திரமும் ஆஸ்பத்திரிக் கட்டிலும்



பவர் பத்திரம் என்று பேசக் கேட்டிருப்பீர்கள். நம் வேலையை நமக்குப் பதிலாக இன்னொருவர் செய்ய எழுதிக் கொடுக்கும் அதிகாரம் அது. 1882-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது.

நிலம் ஊரில் இருக்கிறது. பிழைப்பு டில்லியில். வரி கட்ட ஒவ்வொரு முறையும் ஊருக்குப் போக முடியுமா? தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுக்கலாம். ஒரு வேலைக்கு மட்டும் கொடுப்பது தனி அதிகாரம். எல்லா வேலைக்கும் கொடுப்பது பொது அதிகாரம்.

வரி கட்டத்தானே ஆள் வேண்டும்? விற்கும் உரிமையை ஏன் கொடுக்க வேண்டும்? பத்திரத்தில் "விற்கவும், அடமானம் வைக்கவும்" என்ற வரி இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். வேண்டாமென்றால் எடுக்கச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்கவே வேண்டாம். கேட்பவர் சொந்த மகனானாலும் சரி.

டில்லியில் முழுப் பணம் கொடுத்து வீடு வாங்கிய பலரிடம் வெறும் பவர் பத்திரமே இருந்தது. பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கீகாரம் இல்லாத குடியிருப்புகளில் இப்படி வாங்கியவர்களுக்காக 2019-இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே செய்ய வேண்டி வந்தது. அது டில்லிக்கு மட்டும்தான்.

கொடுத்த பவரைச் சாதாரணமாக ரத்து செய்யலாம். ஆனால் வீட்டுக்குள் சொன்னால் போதாது. பவர் வாங்கியவருக்கும், அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அவர்களுக்குத் தெரியும் முன் நடந்தது உங்களைக் கட்டுப்படுத்தும்.

எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவரும் போய்விடும். இது பலருக்குத் தெரியும். அவர் சுயநினைவு இழந்து படுத்தாலும் அந்தப் பத்திரத்தை நம்ப முடியாது. இது பலருக்குத் தெரியாது. அப்பா கோமாவில் கிடக்கிறார், பாங்குப் பணம் எடுக்க வேண்டும். மகன் பவர் பத்திரத்தோடு போகிறான். அது செல்லாது. உயர் நீதிமன்றத்தில் காப்பாளர் நியமனம் கேட்டு வாங்க வேண்டும். கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் இதற்கு வழிமுறை வகுத்தது.

சரி, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று யார் சொல்வது? அதற்கு வேறு பத்திரம் உண்டு. முன்கூட்டிய மருத்துவ விருப்பப் பத்திரம் என்று சொல்லலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. ஏழை எளியவர் எங்கே போய் அலைவார்? 2023-இல் அதை எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும்.

பதினெட்டு வயது நிறைந்த, தெளிந்த மனமுள்ள எவரும் எழுதலாம். பிழைக்க வழியில்லாத நிலை வந்தால் மூச்சுக் கருவி வேண்டாம் என்று எழுதலாம். தம் சார்பில் பேச நம்பிக்கையான உறவினர்களின் பெயரையும் எழுத வேண்டும். மனம் மாறினால் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம்.

இதைக் காட்டியதும் கருவியைக் கழற்றிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். முதலில் ஆஸ்பத்திரியின் மூன்று டாக்டர்கள் கூடிப் பார்ப்பார்கள். பிறகு இரண்டாவது குழு பார்க்கும். அதில் ஒருவரை மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிப்பார். பெயர் எழுதிய உறவினர்களின் சம்மதமும் வேண்டும். ஊசி போட்டு உயிரை எடுப்பதற்கு இதில் இடமே இல்லை.

எழுதிய பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். பெயர் எழுதிய உறவினர்களிடமும், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமும் ஒவ்வொரு நகல் கொடுங்கள்.