பழுதறியும் முறை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள், புதிதாகப் பூட்டிய விளையாட்டுக் கணினி அடிக்கடி நின்றுபோகுமாயின் அதன் காரணத்தைக் கண்டறிவது எங்ஙனம் என்பதாகும். இஃது இளைஞர்க்கு மட்டும் உரிய பொருள் என்று பெரியோர் எண்ணல் வேண்டா. இத்தகைய கணினி ஒரு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தந்தையின் சேமிப்பும் தமையனின் சம்பளமும் அதனுட் சென்றுவிடுகின்றன. அது நான்காம் நாளே நின்றுபோகுமாயின் அவ்வீட்டில் எழும் பேச்சு யாவர்க்கும் தெரிந்ததே. “கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்” என்கிறான் மகன். “விளையாட்டுக்கென்று வாங்கினால் இப்படித்தான் முடியும்” என்கிறார் தந்தை. இருவரும் தீர்ப்புக் கூறிவிட்டனர். விசாரணையோ இன்னும் தொடங்கவில்லை. விசாரித்த பின்பே தீர்ப்புக் கூறுதல் வேண்டும் என்பதே இவ்வுரையின் சாரம்.

முதற்கண் இக்கணினி எத்தகையது என்பதை நோக்குவாம். தொழிற்சாலையிற் பூட்டி, முழுமையாகச் சோதித்து அனுப்பப்படுவது ஒருவகை. உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டு மேசையிற் பூட்டுவது மற்றொருவகை. பின்னதில், கணக்கீடுகளைச் செய்யும் புரொசசர் ஒரு நிறுவனத்தது. அதனைத் தாங்கும் மதர்போர்ட் வேறொன்றினது. ரேம் எனப்படும் நினைவகமும், திரையிற் படங்களை வரைந்து காட்டும் கிராபிக்ஸ் கார்டும், எல்லாவற்றுக்கும் மின்னூட்டும் பவர் சப்ளையும் வெவ்வேறு இடங்களில் உருவானவை. இவை முதன்முறையாக ஒரே பெட்டிக்குள் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஆதலின் உறுப்புகள் யாவும் நல்லனவாய் இருக்கவும், அவற்றின் இணைப்பிற் குறை இருத்தல் கூடும்.

மேலும், விளையாட்டு என்பது கணினிக்கு இலேசான வேலையன்று. கடிதம் எழுதும்போது பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் உறுப்புகள், விளையாடும்போது ஒருங்கே கடுமையாக உழைக்கின்றன. ஆகவே, மற்றை வேளைகளில் மறைந்திருக்கும் குறை அப்போது வெளிப்படுகின்றது. குறையைக் காட்டிக்கொடுத்த விளையாட்டையே குறைக்குக் காரணமென்று கூறுதல் நியாயமாகாது.

இனி, கணினி எவ்வாறு நிற்கின்றது என்பதைக் கூர்ந்து பார்த்தல் வேண்டும். “நின்றுபோயிற்று” என்ற ஒரு சொல்லுள் நான்கு வேறு நிகழ்ச்சிகள் அடங்கியுள்ளன. மின்வெட்டு நேர்ந்தாற்போலக் கணினி முழுவதும் சட்டென அணைந்துவிடுதல் ஒன்று. நீலத்திரை தோன்றி, ஏதோவொரு குறியீட்டைக் காட்டி, மீண்டும் தொடங்குதல் இரண்டாவது. திரை மட்டும் கறுத்தோ உறைந்தோ போக, உள்ளே விசிறிகள் சுழன்றுகொண்டிருத்தல் மூன்றாவது. கணினி நன்றாயிருக்க, விளையாட்டு மட்டும் மூடிக்கொள்ளுதல் நான்காவது. முதலாவது நேர்ந்தால் மின்னூட்டத்தையும் வெப்பத்தையும் முதலிற் பார்க்கலாம். இரண்டாவதற்கு நினைவகத்தையும், உறுப்புகளை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருள்களையும் நோக்கலாம். மூன்றாவது நேரின் கிராபிக்ஸ் கார்டின் பக்கம் திரும்பலாம். நான்காவது மென்பொருளாலும் வரலாம். நினைவகத்தாலும் புரொசசராலும் வரலாம். இவை தேடத் தொடங்கும் இடத்தைக் காட்டும் குறிகளேயன்றித் தீர்ப்புகள் அல்ல.

கணினி தானே எழுதிவைக்கும் பதிவையும் இவ்வாறே கருதுதல் வேண்டும். விண்டோஸ் முறைமையின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்க்கும் இளைஞர்கள், அங்கே ‘கேர்னல் பவர் 41’ என்ற சிவப்புக் குறிப்பைக் கண்டதும், பவர் என்ற சொல்லை நம்பிப் புதிய பவர் சப்ளை வாங்க ஓடுகின்றனர். அக்குறிப்புக் கூறுவதோ, கணினி முறைப்படி மூடப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதை மாத்திரமே. வீதியில் ஒருவர் விழுந்து கிடந்தார் என்று பொலிஸ் புத்தகத்தில் எழுதியிருப்பின், அவர் ஏன் விழுந்தார் என்பது அதனால் விளங்குமா? ஆயினும் அக்குறிப்பிலுள்ள நேரம் பயனுடையது. அதற்குச் சற்று முன்னர் வேறு குறிப்புகள் உளவா என்று பார்த்தல் வேண்டும்.

செய்தியை நம்பிக் காரணத்தைத் தவறவிட்ட ஒரு பெரிய வரலாறு அண்மையில் உலகறிய நிகழ்ந்தது. இன்டெல் நிறுவனம் தனது 13ஆம் தலைமுறைப் புரொசசர்களை 2022 ஒக்டோபரிலும், 14ஆம் தலைமுறையினவற்றை 2023 ஒக்டோபரிலும் மேசைக்கணினிகளுக்கு வெளியிட்டது. அவற்றுள் வேகமிக்க வகைகளைக் கொண்ட கணினிகளிற் சில, விளையாட்டைத் தொடங்கும்போதே நின்றன. திரையில் எழுந்த செய்தியோ, கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் போதவில்லை என்பது. நினைவகம் தாராளமாக இருந்த கணினிகளிலும் அதே செய்தி. பலரும் கிராபிக்ஸ் கார்டைப் பழித்தனர். டிரைவர்களை நீக்கி நீக்கி மீண்டும் நிறுவினர். உண்மையில் நிகழ்ந்தது யாதெனின், விளையாட்டின் சுருக்கி வைத்த தரவுகளை விரிக்கும் வேளையிற் புரொசசர் பிழையாகக் கணக்கிட்டது. அப்பிழை வேறொரு பெயருடன் திரைக்கு வந்தது. 2024 ஏப்ரலில் கிராபிக்ஸ் கார்ட் நிறுவனமாகிய என்விடியா, இத்தகைய முறைப்பாடுடையோரை இன்டெலிடம் செல்லும்படி கூறிற்று.

அதன் பின்னரும் காரணம் உடனே தெளிவாகவில்லை. முதலில் மதர்போர்ட் தயாரிப்பாளர் வகுத்த மின் அமைப்புகளின்மீது ஐயம் விழுந்தது. 2024 ஜூலையிலேயே, புரொசசரின் உள்ளமைந்த மைக்ரோகோட் தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றது என இன்டெல் அறிவித்தது. அம்மிகையால் உட்சுற்றின் ஒரு பகுதி நாளடைவில் நலிந்துபோயிற்று. அவ்வாண்டு ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் திருத்தங்கள் வெளிவந்தன. உத்தரவாதக் காலமும் இரண்டு ஆண்டுகளால் நீட்டப்பட்டது. எனினும் அத்திருத்தம் இனிமேல் நலிவதைத் தடுக்குமேயன்றி, முன்னரே நலிந்ததைக் குணமாக்காது. அத்தகையவற்றை மாற்றிப் பெறுதலே வழி. அத்தலைமுறைப் புரொசசரை இன்று வைத்திருப்போர், மதர்போர்டின் பயோஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்துள்ளனரா என்று பார்த்துக்கொள்ளல் நன்று. கூக்குரல் எழுந்த இடம் ஒன்று, குற்றம் இருந்த இடம் வேறொன்று என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம்.

அவ்வாறாயின் எவ்வொழுங்கிற் சோதிப்பது? செலவின்றிச் செய்யக்கூடியவற்றை முதலிலும், செலவு வைப்பனவற்றை இறுதியிலும் செய்க.

முதலாவது, மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, உறுப்புகளின் இருக்கையைப் பார்த்தல். ரேம்கள் முற்றாக இறங்கியுள்ளனவா? நான்கு செருகிடங்களில் இரு ரேம்களை மட்டும் இடும்போது, பெரும்பாலான மதர்போர்ட்களிற் புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் இடங்களே உரியவை. கைந்நூலைப் பார்த்து உறுதி செய்க. கிராபிக்ஸ் கார்டின் மின்கம்பி இறுதிவரை செருகப்பட்டுள்ளதா? 2022இல் வெளிவந்த ஆற்றல்மிக்க கார்ட் ஒன்றின் மின்செருகிகள் சில உருகிப்போனபோது, முற்றாகச் செருகாமை அதற்கு ஒரு முக்கிய காரணமெனக் கண்டனர். ஒரு பவர் சப்ளையின் கழற்றக்கூடிய கம்பிகளை வேறொன்றிற் பாவித்தல் ஆகாது. முனைகள் ஒத்திருப்பினும் உள்ளே கம்பிகளின் ஒழுங்கு வேறுபடலாம், உறுப்புகள் எரிந்துபோகலாம். பவர் சப்ளையின் பெட்டியை ஒருபோதும் திறத்தல் வேண்டா.

இரண்டாவது, பயோஸ் அமைப்புகளை இயல்புநிலைக்குக் கொண்டுவருதல். டி.டி.ஆர்.5 ரேமின் பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருப்பின், அது எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்னும் அமைப்பை இயக்கியபின் பெறும் மிகைவேகமாகும். அதனை நிறுத்தினால் ரேம் 4800 போன்ற பொதுவேகத்தில் இயங்கும். அந்நிலையிற் கணினி நிற்காமல் ஓடுமாயின் தேடவேண்டிய பரப்புப் பெரிதும் சுருங்கிவிட்டது. புதிய ரேமை இட்டு முதன்முறை தொடங்கும்போது திரை சில நிமிடங்கள் இருண்டிருத்தல் உண்டு. மதர்போர்ட் அந்த ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பதறி மின்னை நிறுத்துதல் கூடாது.

மூன்றாவது, நினைவகச் சோதனை. மெம்டெஸ்ட்86 போன்ற சோதனைநிரலை யு.எஸ்.பி. வழியாகத் தொடக்கிப் பல மணிநேரம் ஓடவிடுக. ஒரே ஒரு பிழை காணினும் அஃது ஏற்கத்தக்கதன்று. பின்னர் ஒவ்வொரு ரேமாகத் தனித்து இட்டுச் சோதித்தால் எதன்மீது குறை என்பது புலப்படும்.

நான்காவது வெப்பம். குளிர்விப்பானின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அகற்ற மறந்தோர் பலர். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையினவற்றிற் பல 95 பாகை செல்சியஸ் வரையும், மேற்கூறிய இன்டெல் புரொசசர்கள் 100 பாகை வரையும் தாங்குமாறு வகுக்கப்பட்டவை. அவ்வெல்லையை அண்மியதும் அவை தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஆதலின் வேகம் முதலிற் குறைந்து பின்னர் அணைந்தால் வெப்பத்தை ஐயுறுக.

ஐந்தாவது மின்வலு. கிராபிக்ஸ் கார்ட் தன் சராசரி அளவைவிடப் பன்மடங்கு மின்னைக் கண்ணிமைப்பதினும் குறைந்த பொழுதுக்கு இழுத்தல் உண்டு. இதனைக் கருதியே 2022இல் ஏ.டி.எக்ஸ். 3.0 என்னும் புதிய நியமம் வகுக்கப்பட்டது. கணக்கிற் போதுமான பவர் சப்ளையும் அக்கணத்தில் அணைந்துபோகலாம். கிராபிக்ஸ் கார்டின் மின்னெல்லையை மென்பொருளாற் குறைத்து விளையாடிப் பார்த்தால், காசு செலவின்றியே இவ்வையத்தைச் சோதிக்கலாம். புரொசசரிற் படம் காட்டும் வசதி இருப்பின், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டும் சிலநாள் பாவித்துப் பார்க்கலாம்.

இவ்வைந்தையும் செய்யும்போது ஒரு விதியை மீறுதல் கூடாது. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. ரேமை மாற்றி, டிரைவரைப் புதுப்பித்து, கம்பியையும் இறுக்கிய பின் கணினி நன்றாக ஓடினால், எதனால் நன்றாயிற்று என்பது தெரியாது. மறுமாதம் மீண்டும் நின்றால் தொடக்கத்திலிருந்தே தேடவேண்டும்.

இதற்கு ஒரு கொப்பி வேண்டும். 1947 செப்டெம்பர் 9ஆந் திகதி, அமெரிக்காவின் ஹார்வர்ட் மார்க் 2 என்னும் கணிப்பொறியின் ரிலே ஒன்றிற் சிக்கியிருந்த அந்துப்பூச்சியை எடுத்தோர், அதனைத் தம் பதிவேட்டில் ஒட்டி, எந்த நேரம், எந்தப் பலகம், எத்தனையாம் ரிலே என்றும் எழுதிவைத்தனர். அந்தப் பதிவேடு இன்றும் பேணப்படுகின்றது. நம் இளைஞர்களும் நின்ற நேரம், அப்போது செய்த வேலை, மாற்றிய ஒன்று, கிடைத்த விளைவு ஆகிய நான்கையும் எழுதுவாராயின் பாதி வேலை முடிந்ததாகும்.

பொறுமையும் வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை நிற்கும் கணினி ஒரு மணிநேரம் நிற்காமல் ஓடியதால் குணமாயிற்று என்று கொள்ளல் ஆகாது. ஒன்பது, பத்து நாளாயினும் ஓடிப் பார்த்தல் வேண்டும். கூடுமாயின் பழைய நிலைக்கே மாற்றி மீண்டும் நிற்கின்றதா என்றும் பார்க்க. மாற்றினால் நிற்கின்றது, திருத்தினால் ஓடுகின்றது என்று இருபுறமும் கண்டபின்னரே காரணம் இதுவென்று துணிதல் தகும். வெப்பத்தாலோ மின்னாலோ ஊறு நேரக்கூடிய மாற்றமாயின் மட்டும் இச்சோதனையைத் தவிர்க்க.

அதன்பின் கடைக்குச் செல்க. “உங்கள் பொருள் கூடாது” என்று சத்தமிடுபவருக்குக் கிடைக்கும் விடை யாவரும் அறிந்ததே. “இந்த ரேமைத் தனியே இட்டால் இத்தனை பிழை வருகின்றது, மற்றதை அதே இடத்தில் இட்டால் ஒன்றும் வரவில்லை, இதோ திகதிகள்” என்று கொப்பியைக் காட்டுபவரை எந்தக் கடைக்காரரும் எளிதில் மறுக்கமாட்டார். உத்தரவாதப் பத்திரத்தின் பயனும் அப்போதே கைகூடும். ஆராய்ந்து பார்த்ததிற் கடைக்காரர்மேற் குற்றமில்லை, ஒரு கம்பிதான் இறங்காதிருந்தது என்று தெரியவரின், ஒரு மனிதர்மீது வீண்பழி சுமத்தாமற் காத்தோமே என்று மகிழலாம்.

பெரியோர்களே! கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு கொப்பியும் கையுமாய் இருக்கும் பிள்ளையைக் கண்டால், பொழுதை வீணாக்குகிறான் என்று கடியாதீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக விசாரித்து உண்மையைக் காணும் பழக்கம் அம்மேசையில் அவனுக்கு உண்டாகின்றது. இளைஞர்களே! ஒரு பெட்டிக்குள் இருக்கும் ஐந்தாறு உறுப்புகளுக்குள்ளேயே கூக்குரல் ஓரிடத்திலும் குற்றம் வேறோரிடத்திலும் இருக்கக் காண்கிறீர்கள். வீட்டிலும் ஊரிலும் சங்கத்திலும் பூசல் எழும்போது இதனை நினைவிற் கொள்ளுங்கள். முதலிற் காதில் விழுந்த சொல்லைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்காது, பொறுத்து விசாரிக்கும் பண்பு உங்களிடம் வளர்வதாக.