தறிக்கூடத்துள் மாந்தன்
(சோமனூரில் ஆற்றிய உரை)



கல்நார்த் தகடு வேய்ந்த தாழ்ந்த கூரை, அடைத்த பலகணி, விசிறி சுழலாத வெப்பம். கரணியம் என்ன? உலர்காற்றுப் பட்டால் பாவிழை அறும். இழை அறாதிருக்க மாந்தன் வேகின்றான்! புதுப்பாவு ஏற்றும் நாளிலோ, பாவு பிணைப்பவர் தறியின் பின்னே முதுகு மடங்கி அமர்ந்து, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாய்ப் பிணைக்கின்றார். பக்கத்துத் தறி நிற்பதில்லை. அதன் பஞ்சுத்தூசி அவர் மூச்சிலேறும். ஆண்டுக்கணக்கில் அதனை உட்கொண்டவர்க்கு, ஓய்வுநாள் கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும்.

நாடாத் தறியின் இரைச்சல் 90 தெசிபெல்லைத் தாண்டுவது. அங்குப் பேச்சில்லை, கைக்குறியும் உதட்டசைவுமே மொழி. என் வகுப்பில் ஒருவன் செய்யுளைக் கூவியே ஒப்பிப்பான். ஏனென்று வினவினேன். “எங்கப்பாவுக்கு இப்பிடிச் சொன்னாத்தானுங்க கேக்கும், ஐயா” என்றான். தமிழ் வாழ்கவென முழங்கும் நாம், தமிழ் கேளாச் செவிகளை எண்ணினோமா?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்விசையுடன் பதின்மர் உழைக்குமிடத்தையே தொழிற்சாலை என்றது. 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அவ்வெண்ணை இருபதாக்கிற்று. கணவனும் மனைவியும் ஓராளுமாக ஓட்டும் எட்டுத்தறிக் கூடம் எக்கணக்கில் வரும்? கூடத்துக்குரியவரை மட்டும் குற்றஞ் சாட்டேன். அவரும் நூல் தருவோரிடம் கூலிக்கு நெய்பவரே. 2022 சனவரியில் தறிகள் நின்றது கூலி உயர்வுக்காக. அது முறையே. அடுத்த பேச்சில் செவியடைப்பானையும் மூக்குறையையும் தூசி உறிஞ்சும் பொறியையும் கூலியோடு சேர்த்தெழுதிக் கேளுங்கள்.