மூவர் பாடிய பெருங்குழு

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நமது காலனிப் பிள்ளைகள் இன்று 'ராக்' இசை நிகழ்த்தவிருக்கின்றனர். அது வெறுங் கூச்சலென்று எண்ணியிருந்தவருள் அடியேனும் ஒருவன். அவர்கள் பாடவிருக்கும் பாட்டு உருவான வரலாற்றை அறிந்தபின் என் வாய் அடைத்துப் போயிற்று.

'குயீன்' என்னும் இங்கிலாந்துக் குழுவின் 'பொஹீமியன் ராப்சோடி' என்பதே அப்பாட்டு. இயற்றியவர் பிரெடி மெர்க்குரி. சான்சிபாரில் பிறந்த பார்சி. இளமையில் அவர் பள்ளியில் பயின்றதும், தோழர்களுடன் குழு அமைத்து வாசித்ததும் எங்கே தெரியுமா? நாம் கோடையில் சென்றுவரும் பஞ்சகனியில்தான்!

1975 ஆகஸ்டில் வேல்ஸ் நாட்டு ராக்ஃபீல்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் பணி தொடங்கிற்று. பாட்டின் நடுவே இத்தாலிய இசைநாடகத்தை ஒத்த பகுதியொன்று வருகிறது. நூறு பேர் பாடுவதாகவே கேட்போர் மயங்குவர். பாடியவர்களோ மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் ஆகிய மூவரே! ஒலிநாடாவில் இருந்தவை 24 தடங்கள். அவை நிறைந்ததும், பாடிய குரல்களையெல்லாம் கலந்து ஓரிரு தடங்களில் ஒடுக்குவர். ஒழிந்த தடங்களில் மீண்டும் பாடுவர். இவ்வாறு குரலின்மேல் குரலாக ஏறத்தாழ 180 முறை ஏற்றினர். அப்பகுதிக்கு மட்டும் மூன்று வாரம் சென்றது.

நாடாவின் மேற்பூச்சில்தான் ஒலி தங்குகிறது. ஓயாது ஓடியதில் அப்பூச்சு தேய்ந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மறுபுறம் தெரிந்ததாம்! மேலும் தேய்ந்திருந்தால் அத்தனை நாள் உழைப்பும் தூளாய் உதிர்ந்திருக்கும். இன்று கணிப்பொறியில் பதிவு செய்யும் நம் பிள்ளைகளுக்கு இந்த அச்சமில்லை, கொடுத்து வைத்தவர்கள்.

பாட்டின் நீளம் 5 நிமிடம் 55 விநாடி. இவ்வளவு நீண்டதை வானொலியார் ஏற்கார், சுருக்குக என்றனர் கம்பெனியார். குழுவினர் இசைந்தாரில்லை. இலண்டன் வானொலி அறிவிப்பாளர் கென்னி எவரெட் என்பவரோ, தட்டு வெளிவருமுன்பே, ஒரே வார இறுதியில் 14 முறை அதனை ஒலிபரப்பிவிட்டார்! கடைகளில் கூட்டம் நெரிந்தது. அக்டோபர் 31-இல் வெளிவந்த அத்தட்டு ஒன்பது வாரம் இங்கிலாந்தில் முதலிடம் வகித்தது. 1991 நவம்பரில் மெர்க்குரி மறைந்தபின் மீண்டும் முதலிடம் பெற்றது.

பிள்ளைகள் கித்தாருடன் திரைக்குப் பின் காத்து நிற்கின்றனர். நடுப்பகுதியையும் விடாமல் பாடுவதாக எனக்கு வாக்களித்திருக்கிறார்கள்.