கைவிலங்கும் வாய்ப்பூட்டும்

(அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

ஷிப்டு முடிந்து, சாப்பாட்டுத் தூக்கைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே வளர்த்தாமல் விஷயத்துக்கு வருகிறோம்.

2025 பிப்ரவரி 5-ந் தேதி அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று அமிர்தசரசில் இறங்கிற்று. அதில் 104 இந்தியர்கள். பஞ்சாபியர், ஹரியானாக்காரர், குஜராத்தியர். பெண்களும் சிறுவர்களும் கூட. கையில் விலங்கு, காலில் சங்கிலி. ஏறத்தாழ 40 மணி நேரப் பிரயாணம். இதை மறைக்க வேண்டும் என்ற கூச்சம்கூட அந்த ஏகாதிபத்தியவாதிகளுக்கு இல்லை. சங்கிலியோடு ஆட்களை ஏற்றுகிற காட்சியை அவர்களுடைய எல்லைக் காவல் படைத் தலைவரே உலகத்துக்கு வெளியிட்டார்.

டீக்கடையில் நம் தோழர்களே கேட்கிறார்கள்: "திருட்டுத்தனமாகப் போனவன்தானே?" நியாயமான கேள்வி. பனாமா காட்டு வழியே இவர்களை நடத்திக் கூட்டிப்போன ஏஜெண்டுகள் தலைக்குப் பல லட்சம் கறந்தார்கள். அதற்காக நிலத்தை விற்றவன் உண்டு, அடகு வைத்தவன் உண்டு. அனுமதியில்லாதவனைத் திருப்பி அனுப்ப எந்த நாட்டுக்கும் உரிமையுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வேலை தேடிப் போனவனைக் கொலைக் கைதிபோல் பூட்டுவதற்கு உரிமை எங்கிருந்து வந்தது?

மறுநாள் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கையில் விலங்கு பூட்டிக்கொண்டு பார்லிமெண்டு வாசலில் நின்றார்கள். உள்ளே வெளிநாட்டு மந்திரி ஜெய்சங்கர் என்ன சொன்னார்? நாடு கடத்தல் புதிதல்ல, விலங்கிடும் நடைமுறை 2012 முதலே இருக்கிறது, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பூட்டுவதில்லையாம். திரும்பி வந்த பெண்களோ தங்களுக்கும் பூட்டினார்கள் என்றார்கள். இந்திய சர்க்காரின் மந்திரி பேசினாரா, வாஷிங்டனின் வக்கீல் பேசினாரா!

பிப்ரவரி 13-ந் தேதி பிரதமர் மோடி வெள்ளை மாளிகையில் டிரம்புடன் நின்றார். நம்மவர்களைத் திரும்ப ஏற்கத் தயார் என்றார். ஆள் கடத்தும் கும்பலைக் கண்டித்தார், அது சரிதான். ஆனால் அந்த மேடையில் விலங்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு நாள் கழித்து அடுத்த விமானம் இறங்கியபோது ஆண்கள் மறுபடியும் சங்கிலியில்தான் வந்தார்கள்.

கொலம்பியா நம்மைவிடச் சின்ன நாடு. அதன் ஜனாதிபதி பெட்ரோ, ஜனவரி 26-ந் தேதி, ராணுவ விமானத்தை இறங்கவிடமாட்டேன் என்றார். 25 சதவீத வரி என்று டிரம்ப் மிரட்டியதும் ஆட்களை ஏற்க ஒப்புக்கொண்டார், உண்மை. ஆனால் தன் நாட்டு விமானத்தை அனுப்பி, கைவிலங்கு இல்லாமல் அழைத்து வந்தார். பிரேசிலும் விலங்கைக் கண்டித்தது. நாம்? வாய்மூடி நின்றதற்குக் கூலியாவது கிடைத்ததா? அதே ஆண்டு ஆகஸ்டில் நம் சரக்குகள் மீது 50 சதவீத வரி விழுந்தது. பின்னால் அது மாறியது வேறு கதை. திருப்பூரிலே ஆர்டர் நின்ற மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்? செப்டம்பரில் எச்-1பி விசாவுக்கு லட்சம் டாலர் கட்டணம் என்றார்கள்.

இதே ஆவடியில், 1955 ஜனவரியில், காங்கிரஸ் மகாநாடு கூடி சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. நேருவின் உள்நாட்டுக் கொள்கையோடு அன்று மல்லுக்கு நின்றவர்கள்தாம் நாம். ஆனாலும் அன்றைய இந்தியா வல்லரசின் முகத்துக்கு நேரே பேசத் தெரிந்த இந்தியா.

டிரம்பிடம் திறக்காத வாய் இங்கே திறந்தது, யாரை நோக்கி? கைவிலங்கோடு மோடி, பக்கத்தில் டிரம்ப் என்று ஒரு கார்ட்டூனை விகடன் வெளியிட்டது. தமிழக பா.ஜ.க. தலைவராயிருந்த அண்ணாமலை புகார் கொடுத்தார். பிப்ரவரி 15-ந் தேதி விகடன் இணையதளமே முடங்கிற்று. சென்னை உயர்நீதிமன்றம் மார்ச்சில்தான் திறக்கச் சொன்னது, அதுவும் அந்தக் கார்ட்டூனை எடுத்த பிறகு. விலங்கிட்டவனுக்கு விருந்து, விலங்கை வரைந்தவனுக்குத் தடை!

தோழர்களே, நம் வீட்டுக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கென்று பிரித்தபோது, அந்தத் தோட்டத் தொழிலாளியை யாரும் கேட்கவில்லை. ஈழ அகதிகளை விட்டுவிட்டு எழுதிய 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு ராஜ்யசபையில் அ.தி.மு.க. கை தூக்கிற்று. இதோ பக்கத்துப் பூந்தமல்லியில் சிறப்பு முகாம் என்ற பெயரில் ஈழத் தமிழரைப் பூட்டி வைத்த காலத்தில் எத்தனை தலைவர்கள் குரல் கொடுத்தார்கள்?

இன்று அதே பூட்டு வங்காளி பேசும் தொழிலாளியைத் தேடுகிறது. 2025-ல் டில்லியில் பிடிபட்ட பீர்பூம் மாவட்டத்துக் கர்ப்பிணி ஒருத்தியை, பங்களாதேஷி என்று எல்லைக்கு அப்பால் தள்ளினார்கள். கல்கத்தா உயர்நீதிமன்றம் செப்டம்பரில் அழைத்துவரச் சொல்லியும், அவள் திரும்பியது டிசம்பரில்.

இந்தப் பேட்டையில் உங்கள் லேத்துக்குப் பக்கத்து லேத்தில் நிற்பவன் ஒரிசாக்காரன், பீகாரி, வங்காளி. கூலியைக் குறைக்கிறான் என்று அவன்மேல் கோபப்படுகிறீர்கள். கூலியைக் குறைப்பவன் அவனை வைத்திருக்கிற கண்டிராக்டர். அவனையும் யூனியனில் சேருங்கள். நள்ளிரவில் அவன் அறைக் கதவு தட்டப்பட்டால் சும்மா இருக்காதீர்கள். எந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அரசியல் சட்டத்தின் 22-வது ஷரத்துப்படி 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட்டிடம் நிறுத்த வேண்டும்; அதைக் கேளுங்கள். உடனே யூனியன் ஆபீசுக்கு ஆள் அனுப்புங்கள். எந்த நேரமானாலும் நாங்கள் வருகிறோம்.