பேர்ண் நகரத் தேவாலயமும் எங்கள் திருப்பணியும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், சுவிஸ் கிளையினர் சார்பில் பூநகரியில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு ஒன்றுகூடல்களில் ஒன்றைப் பூநகரியில் வைத்தமைக்கு முதலில் நன்றி. சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது 2011இல். அதற்கு எவ்வளவோ முன்னர், பெட்டியும் தலையணையுமாகப் பாதையில் ஏறிக் கேரதீவில் இறங்கி விடுதிக்குப் போன பிள்ளைகள் நாங்கள். இன்று எங்களிற் சிலர் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் வாழ்கிறோம். அந்நகரின் பழைய தேவாலயத்தைப் பற்றிச் சொல்லுமாறு செயலாளர் கேட்டார். எங்களிற் பலர் சைவர்கள். ஆனாலும் முப்பது வருடமாக அதன் மணியோசையில் வாழ்ந்தவர்கள் என்ற உரிமையில் பேசுகிறோம்.

அத்தேவாலயத்துக்கு 1421 மார்ச் 11ஆம் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. இங்கே ஆரியச்சக்கரவர்த்திகள் ஆண்ட காலம் அது. அது ஆயருடைய பேராலயம் அன்று; நகர மக்கள் தங்களுக்கென எழுப்பிய கோயில். முதல் சிற்பாசாரியார் மத்தேயஸ் என்சிங்கர். அவருடைய தந்தை உல்ரிச், ஊல்ம், ஸ்ராஸ்பூர்க் தேவாலயங்களில் வேலை செய்தவர். அதே இடத்தில் முன்பே ஒரு சிறிய தேவாலயம் இருந்தது. அதை உடனே இடிக்கவில்லை. பூசை நிற்கக்கூடாது என்று, அதைச் சுற்றியே புதியதைக் கட்டினார்கள். நாங்கள் பாலஸ்தாபனம் செய்துவிட்டுத் திருப்பணி தொடங்குவதில்லையா, அதே கவலைதான்.

இக்கட்டட முறையைப் பிற்காலக் கோதிக் என்பார்கள். வட்ட வளைவுக்குப் பதிலாகக் கூர்வளைவு. கூரையின் பாரத்தைச் சுவர் முழுவதும் தாங்காமல், கல் விலா எலும்புகள் வாங்கித் தூண்களுக்கும் வெளியே நிற்கும் உதைகால்களுக்கும் கடத்துகின்றன. அதனாற் சுவரில் உயர்ந்த சாளரங்கள் வைக்க முடிந்தது. நிறக்கண்ணாடி வழியே வெளிச்சம் உள்ளே விழுகிறது. பிற்காலக் கோதிக்கில் அந்த விலா எலும்புகள் ஒன்றையொன்று வெட்டி வலை போல விரியும். பலிபீடத்துக்கு மேலுள்ள கூரை 1517இல் முடிந்தது. அதன் முடிச்சுகளில் எண்பதுக்கு மேற்பட்ட வானுலகத்தார் இருக்கிறார்கள். மக்கள் இருக்கும் பகுதிக்கு மேலான கூரை 1570களில்தான் முடிந்தது. கோபுரமோ பாதி உயரத்தில் நின்றுபோய், 1893இல் நிறைவேறியது. உயரம் 100 மீற்றரைச் சற்றுத் தாண்டும். அடிக்கல்லுக்கும் உச்சிக்கும் இடையே 472 வருடங்கள்.

தலைவாசலுக்கு மேலே எர்ஹார்ட் கியூங் என்ற சிற்பி இறுதித் தீர்ப்பைச் செதுக்கியிருக்கிறார். நல்லோர் ஒருபுறம், தீயோர் மறுபுறம். நடுவே வாளேந்திய நீதிதேவி. 1528இல் சமயச் சீர்திருத்தம் வந்தபோது உள்ளே இருந்த சிலைகளை அகற்றிப் பக்கத்து மேடைக்கு நிரப்பு மண்ணோடு கொட்டினார்கள். அவற்றிற் பலவற்றின் துண்டுகள் 1986இல் தோண்டியபோது வெளிவந்தன. வாசற் சிற்பங்கள் மட்டும் தப்பின. இப்போது அங்கே நிற்கும் பெரிய உருவங்கள் பிரதிகள். மூலச் சிற்பங்கள் நகர அருங்காட்சியகத்தில்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது இவை ஒன்றும் அல்ல. அத்தேவாலயம் மணற்கல்லால் ஆனது. மழையும் பனியும் அதைக் கரைத்துக்கொண்டே இருக்கும். கட்டிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் அது என்றோ உருக்குலைந்திருக்கும். அதற்கென்றே ஒரு கல்வேலைப் பட்டறை இருக்கிறது. எப்போது பார்த்தாலும் எங்கேனும் ஒரு மூலையில் சாரம் நிற்கும். பழைய கல்லை இயன்றவரை எடுக்காமல், வெடிப்பைச் சாந்தால் அடைத்து, முடியாத இடத்தில் மட்டும் புதுக்கல் வைப்பார்கள். அவர்களுடைய பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

இனி இந்தப் பக்கம் பாருங்கள். எங்கள் பூநகரியிலே மண்ணித்தலையில் ஒரு சிறிய சிவன் கோவில் இருக்கிறது. சோழர் கலைமரபில் எழுந்தது என்று தொல்லியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். சனங்கள் விட்டுப் போனார்கள். விளக்கு நின்றது, திருப்பணி நின்றது, கோவில் பாழடைந்தது. மணற்கல்லில் நின்றது அறுநூறு வருடம் நிமிர்ந்திருக்கிறது என்றால், அது கல்லின் பலம் அல்ல; ஊர் தொடர்ந்து அங்கே இருந்த பலம். போரும் இடப்பெயர்வும் எங்களிடமிருந்து பறித்தது அந்தத் தொடர்ச்சியைத்தான்.

இதை ஏன் இந்த மேடையிலே சொல்கிறோம் என்றால், நூற்றாண்டு நினைவாக வாசலில் ஒரு வளைவு கட்டி உபகரித்தோர் பெயர்களைப் பொறிப்பது என்ற யோசனை சங்கத்தின் முன் இருக்கிறது. நாங்களும் பணம் தருவதாகச் சொன்னவர்கள்தான். ஆனால் நாங்கள் படுத்துறங்கிய பழைய விடுதியின் ஓடுகள் விலகி, மாரியில் சுவர் ஊறுகிறது. இன்று சில ஓடுகளோடு முடிகிற வேலை, பத்து வருடம் போனால் இடிக்கத்தான் வேண்டும் என்று ஆகிவிடும்.

ஆகவே சுவிஸ் கிளையின் பங்கை வளைவுக்கு அல்லாமல் ஒரு பராமரிப்பு நிதிக்குத் தர விரும்புகிறோம். முதலைத் தொடாமல் வட்டியில் ஆண்டுதோறும் மாரிக்கு முன் ஓடு, பீலி, சுண்ணாம்பு பார்க்கட்டும். கோவிலுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று வகுத்தவர்கள் எங்கள் முன்னோர். பாடசாலைக்கும் அப்படி ஒரு முறை இருக்கட்டும். எங்கள் பெயர்கள் எங்கும் வேண்டாம். அடுத்த மாரியில் ஒரு பிள்ளையின் பாயில் ஒழுக்கு விழாவிட்டால் எங்களுக்கு அதுவே போதும்.