சந்தையில் தொடங்கும் பஞ்சம்



வறட்சி, கால்நடை, உணவுப் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் இந்த மாநாடு ஒரே தலைப்பில் சேர்த்திருக்கிறது. இவை மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடக்கும் நிலப்பரப்பு, வடக்குக் கென்யாவில் தொடங்கி எத்தியோப்பியாவின் தெற்கு, கிழக்குப் பகுதிகள் வழியாகச் சோமாலியா வரை நீள்கிறது. அங்கே ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம்: மார்ச் முதல் மே வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. ஒரு மழை தவறினால் மறுமழை கைகொடுக்கும் என்பதே மேய்ப்பர்களின் பரம்பரைக் கணக்கு. 2020 அக்டோபரிலிருந்து 2022 டிசம்பர் வரை ஐந்து மழையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்த்தன. கென்யாவில் மட்டும் ஏறத்தாழ 25 லட்சம் கால்நடைகள் மடிந்தன. மூன்று நாடுகளிலுமாக 2 கோடிக்கு மேற்பட்டோர் கடும் உணவுத் தட்டுப்பாட்டுக்கு ஆளானார்கள்.

செத்த மாடுகள் வரிசையாகக் கிடக்கும் படங்களை அப்போது உலகம் முழுவதும் பார்த்தது. அப்படி ஒரு படம் நாளிதழில் வரும்போது பஞ்சம் தொடங்கிப் பல மாதங்கள் ஆகியிருக்கும்.

அது தொடங்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் பசுவின் மடி வற்றுகிறது. பால் குறைந்ததும் குழந்தைகளின் கலயம் காலியாகிறது. பிறகு இளைஞர்கள் மந்தையைத் தொலைவுக்கு ஓட்டிப் போகிறார்கள். வீட்டில் முதியவர்களும் தாய்மாரும் பிள்ளைகளும் சில ஆடுகளும் மிஞ்சுகின்றன. அடுத்து, மக்காச்சோளம் வாங்குவதற்காக எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்டைச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். மெலிந்த ஆட்டின் விலை சரிய, தானியத்தின் விலை ஏறுகிறது. நேற்று ஓர் ஆட்டை விற்று வாங்கிய மூட்டைக்கு இன்று இரண்டு ஆடு கொடுக்க வேண்டியிருக்கிறது.

மேய்ப்பர் என்றால் இறைச்சி தின்று வாழ்கிறவர் என்று நகரத்தார் நினைப்பதுண்டு. உண்மையில் அவர்களில் பெரும்பாலோர் கால்நடையை விற்றுத் தானியம் வாங்கியே ஆண்டின் பெரும்பகுதியைக் கடத்துகிறார்கள். இறைச்சியில் கிடைக்கும் ஆற்றலைவிடத் தானியத்தில் கிடைக்கும் ஆற்றல் மலிவு என்பதால் அந்தப் பரிமாற்றம் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட வறுமையும் பஞ்சமும் பற்றிய நூலில், 1970-களின் எத்தியோப்பியப் பஞ்சத்தை ஆராய்ந்து இதைத்தான் நிறுவினார். அஃபார் மேய்ப்பர்களும் ஒகாடேன் சோமாலியரும் மந்தையைப் பறிகொடுத்ததோடு, எஞ்சிய மாட்டுக்குச் சந்தையில் இருந்த மதிப்பையும் இழந்தார்கள். இரண்டாவது இழப்பை வானிலை நிலையம் எதுவும் பதிவு செய்வதில்லை.

அதைப் பதிவு செய்யும் அலுவலகம் ஒன்று கென்யாவில் இருக்கிறது. அந்நாட்டின் தேசிய வறட்சி மேலாண்மை ஆணையம் மாவட்டந்தோறும் மாதம் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. மழை, புல்வெளியின் நிலை, தண்ணீருக்கு நடக்கும் தூரம், வீட்டுக்குக் கிடைக்கும் பால், ஆட்டுக்கும் மக்காச்சோளத்துக்கும் இடையிலான மாற்று மதிப்பு எல்லாம் அதில் இருக்கும். ஆக, தகவல் இல்லாமல் யாரும் தவிக்கவில்லை. தகவலுக்கும் பணத்துக்கும் நடுவில்தான் காலம் வீணாகிறது.

அதற்கு மிகக் கொடிய சான்று 2011. மழை பொய்க்கும் என்ற முன்னெச்சரிக்கை 2010 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. சோமாலியாவின் சில பகுதிகளில் பஞ்சம் என்று ஐ.நா. அறிவித்தது 2011 ஜூலை 20-ஆம் நாள். நன்கொடையின் பெரும்பகுதி அதற்குப் பிறகே புரண்டு வந்தது. இடைப்பட்ட பதினொரு மாதங்களில் மந்தையும் போயிற்று, மக்களும் போனார்கள். ஏறத்தாழ 2,58,000 பேர் அந்தப் பஞ்சத்தில் இறந்ததாகப் பின்னர் நடந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். போரும், உதவிக் குழுக்களுக்கு இருந்த தடைகளும் காரணங்களில் அடங்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் போர் நடக்காத வடக்குக் கென்யாவிலும் உதவி தாமதமாகவே வந்தது.

காலத்தில் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. இந்த அவை அதைச் சற்று விரிவாகவே கேட்க வேண்டும். 2006-இன் தொடக்கத்தில் தெற்கு எத்தியோப்பியாவின் மொயாலே வட்டாரத்தில் வறட்சி முற்றிக்கொண்டிருந்தது. போரான மக்களின் மாடுகள் மெலிந்திருந்தாலும் இன்னும் நடக்கும் நிலையில் இருந்தன. அப்போது ஒரு தொண்டு நிறுவனம் தானிய மூட்டை இறக்குவதோடு நிற்கவில்லை. மாட்டு வணிகர்களை அந்த ஊர்களுக்கு வரவழைத்து, இருவருக்குக் கடனும் கொடுத்தது. வணிகர்கள் ஏறத்தாழ 20,000 மாடுகளை வாங்கினார்கள். அவற்றின் மதிப்பு 10 லட்சம் டாலருக்குச் சற்று மேல். பிற்பாடு நடந்த மதிப்பீட்டில், மாடு விற்ற குடும்பங்களின் அந்த வறட்சிக்கால வருமானத்தில் பாதிக்கு மேல் இந்த விற்பனையிலிருந்து வந்தது தெரிந்தது. அந்தப் பணத்தில் உணவு வாங்கினார்கள். எஞ்சிய மாடுகளுக்குத் தீவனம் வாங்கினார்கள். சிலர் லாரி பிடித்து மாடுகளைப் பசுமை உள்ள இடத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். செலவுக்கும் பயனுக்கும் உள்ள விகிதம் 1-க்கு 41 என்று கணக்கிட்டார்கள்.

இந்த 41 என்ற எண்ணைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. மொயாலே தலைநகரோடு நெடுஞ்சாலையால் இணைந்த ஊர். எத்தியோப்பிய மாடுகளுக்கு அப்போது வெளிநாட்டிலும் நல்ல கிராக்கி இருந்தது. லாரி போக வழியில்லாத ஊரில் இதே திட்டம் படுத்துவிடும். ஆனாலும் ஒன்று உறுதி: மாடு நடக்கிற வரைதான் அதற்கு விலை. ஒரு மாதம் கழித்து அதே வணிகர்கள் வந்திருந்தால் தோலைத் தவிர வாங்க எதுவும் இருந்திருக்காது.

காப்பீட்டின் வரலாறும் இதே பாடத்தைச் சுற்றி வந்து கற்றிருக்கிறது. நைரோபியில் உள்ள பன்னாட்டுக் கால்நடை ஆய்வு நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் 2010 ஜனவரியில் வடக்குக் கென்யாவின் மார்சபிட் வட்டாரத்தில் புதுமையான ஒரு காப்பீட்டைத் தொடங்கினார்கள். செத்த மாட்டை எண்ணிப் பார்க்க அதிகாரி யாரும் வர வேண்டியதில்லை. செயற்கைக்கோள் பார்க்கும் பசுமை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அந்த வட்டாரத்தில் காப்பீடு செய்த எல்லோருக்கும் பணம் வரும். தொடக்கத்தில் அந்தப் பணம் பருவம் முடிந்து, மாடு செத்த பிறகு புது மாடு வாங்குவதற்கு என்று வந்தது. பின்னர் ஒப்பந்தத்தையே மாற்றி, இருக்கும் மாட்டுக்குத் தீவனமும் மருந்தும் வாங்கும் காலத்தில் கிடைக்கும்படி முன்னே நகர்த்தினார்கள். வானத்திலிருந்து பார்க்கும் பசுமையும் தரையில் ஆடு தின்னும் புல்லும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை; அதனால் மாடு இழந்தும் பணம் வராதவர்கள் உண்டு. அந்தக் குறை இன்னும் தீர்ந்தபாடில்லை.

பணமும் தானியமும் மட்டும் பேசினால் பொருளில் பாதியை விட்டுவிடுவோம். வறண்ட நிலத்து மேய்ப்பருக்கு முதல் காப்பீடு அவர் கால்தான். புல் இருக்கும் இடத்துக்கு மந்தை போக முடிய வேண்டும். 1988-இல் எல்லிஸ், ஸ்விஃப்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கென்யாவின் தெற்குத் துர்க்கானாவை ஆராய்ந்து, அங்கே மந்தையின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வறட்சிதான், மேய்ப்பரின் பேராசை அன்று என்று எழுதினார்கள். ஆனாலும் ‘அளவுக்கு மீறி மேய்த்துப் பாழாக்குகிறார்கள்’ என்ற பழைய வசை அலுவலகக் கோப்புகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. எத்தியோப்பியாவில் அஃபார் மக்கள் வறட்சிக்கு ஒதுங்கும் அவாஷ் ஆற்றங்கரை, பருத்திக்கும் கரும்புக்கும் போனது அந்த வசையின் நிழலில்தான்.

இன்னொரு இழப்பு தமிழ்நாட்டுக்கு நன்கு தெரிந்த உருவத்தில் வந்தது. விறகுக்காகவும் மண் அரிப்பைத் தடுக்கவும் 1980-களில் கென்யாவின் பாரிங்கோ வட்டாரத்தில் நட்ட மரம், நம் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலேதான். அது அங்கும் மேய்ச்சல் நிலத்தை அடைத்துக்கொண்டது. அதன் இனிப்பு நெற்றைத் தின்ற ஆடுகளுக்குப் பல் சொத்தையானது. 2006-இல் அவ்வட்டாரத்து இல்சாமுஸ் மக்கள் பல் போன ஓர் ஆட்டை நைரோபி உயர் நீதிமன்றத்துக்கே சாட்சியாக ஓட்டி வந்தார்கள். இந்த மரத்தைப் பற்றி நம் ஆய்வாளர்கள் சேர்த்து வைத்திருக்கும் அனுபவம் அந்த நாட்டுக்கும் பயன்படும்.

பாலைப் பற்றியும் ஒரு சொல். கென்யாவின் இசியோலோவிலிருந்து நைரோபியின் ஈஸ்ட்லீ பகுதிக்கு ஒட்டகப் பால் அனுப்பும் வணிகம் பெண்களின் கையில் இருக்கிறது. பசு வற்றிய பிறகும் ஒட்டகம் கறக்கிறது. மாடு ஒன்றையே நம்பியிருந்த போரானர்களும் ஒட்டகம் வளர்க்கத் தொடங்கியதற்குக் காரணம் அதுதான். எத்தியோப்பியாவின் சோமாலி வட்டாரத்தில் நடந்த ஆய்வுகளில், வீட்டருகே சில கறவைகளை நிறுத்தி அவற்றுக்குத் தீவனம் கொடுத்தபோது குழந்தைகளின் உடல்நிலை சரியாமல் நின்றது. கணக்கில் இது சிறிய செலவு. ஆயினும் நிவாரணப் பட்டியலில் மாட்டுத் தீவனம் இன்றும் கடைசி வரிசையில்தான் இருக்கிறது.

ஐ.நா. பொதுச்சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது. விழா ஆண்டுகளால் புல் முளைக்காது என்றாலும், கேட்க வேண்டியதைக் கேட்க அது ஒரு வாய்ப்பு. ஆகவே இந்த அவைக்கு ஒரு வேண்டுகோள். இங்கே படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் வறட்சியின் அளவைச் சொல்லும்போது, எந்த மாதத்தில் யார் எந்த முடிவை எடுத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். மாதம் குறிப்பிடாத பரிந்துரைகளை அமர்வுத் தலைவர்கள் திருப்பி அனுப்பலாம். நிறைவு நாள் தீர்மானத்திலும் அந்த மாதங்கள் இடம்பெற வேண்டும்.