இன்வாய்ஸில் எந்த நாணயம்?



மெக்கானிக்கல் படித்தவனுக்கு நாணயத்தில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். நான் இப்போது ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். கொட்டேஷனில் அளவுகளைப் பத்து முறை சரிபார்ப்போம். விலைக்குப் பக்கத்தில் டாலரா, யூரோவா என்ற ஒரு சொல்லை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆர்டருக்கும் பணம் வந்து சேருவதற்கும் நடுவில் மதிப்பு மாறினால் அடி யார் தலையில் என்பது அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

1999 ஜனவரியில் 11 ஐரோப்பிய நாடுகள் யூரோவுக்கு வந்தன. அதற்கு முன்பு இத்தாலிக்காரர் ஜெர்மனிக்கு இயந்திரம் விற்றால் லிராவா, மார்க்கா என்று பேரம் பேச வேண்டும். 1 யூரோவுக்கு 1936.27 லிரா, 1.95583 மார்க் என்று கட்டிப்போட்டதும் அந்தப் பேரமே ஒழிந்தது. சின்ன நாணயக்காரர்களுக்கு இன்னும் நல்லது. எஸ்குடோவில் பில் போடுகிறேன் என்று போர்ச்சுகல்காரர் சொன்னால் வெளியூர்க்காரர் லேசில் ஒத்துக்கொள்வாரா? யூரோ என்றால் பேச்சே வேறு.

சரி, டாலர் ஒழிந்ததா? எங்கே ஒழிந்தது! ஏர்பஸ்ஸைப் பாருங்கள். துலூஸிலும் ஹாம்பர்க்கிலும் விமானம் கட்டுகிறார்கள். சம்பளமும் செலவும் பெரும்பாலும் யூரோவில், விற்பது டாலரில். காரணம், போட்டிக்கு நிற்கிற போயிங் டாலரில் விலை சொல்கிறது. வாங்குகிறவர் இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தானே பார்ப்பார்?

ஒரு விமானம் 10 கோடி டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000 அக்டோபரில் ஒரு யூரோ சுமார் 83 சென்ட்; கைக்கு 12 கோடி யூரோ வரும். 2008 ஜூலையில் ஒரு யூரோ ஏறக்குறைய 1.60 டாலர், அதே விமானத்துக்கு 6.25 கோடிதான்! ஒரு நட்டு, போல்ட்டு குறையவில்லை, வரவு பாதியாகிவிட்டது. முன்கூட்டியே நாணய ஒப்பந்தம் போட்டு ஓரளவு தாங்குகிறார்கள், உண்மை. ஆனாலும் 2007-ல் 10,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தபோது, ஏ380 தாமதத்தோடு டாலர் சரிவையும் காரணமாகச் சொன்னார்கள்.

ஐரோப்பிய நிறுவனங்களே ஐரோப்பிய விமானத்தை டாலரில் வாங்குவது அபத்தம் என்று 2018-ல் ஐரோப்பிய ஆணையத் தலைவர் யுங்கர் பேசினார். கோபம் நியாயம்தான். ஆனால் சந்தையே டாலரில் பேசும்போது ஒருவர் மட்டும் மாற்றிப் பேசினால் ஆர்டர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

நமக்கோ இரண்டுமே அந்நிய நாணயம். போட்டியாளர் எதில் விலை சொல்கிறார், நம் மூலப்பொருள் எதில் வருகிறது என்று விசாரித்துவிட்டுத்தான் நான் கையெழுத்துப் போடுகிறேன். ஏற்றுமதி வேலைக்கு வரப்போகிற தம்பி தங்கைகள் மதியப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள், மிச்சத்தைச் சொல்கிறேன்.